கருப்பன் வாசலில் நான் வெட்டிய காசு

போன தை மாதம் வருசநாட்டு ஓடையில் வண்டியோடு விழுந்து என் இடது தோள் எலும்பு முறிந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. மனசு கூடவில்லை. என்னை விழவைத்தது என் சிநேகிதன் தவமணிதான் என்று நம்பினேன். கருப்பசாமியைக் கும்பிடுகிற சொந்தங்களே, அந்த நம்பிக்கையை அவர் எப்படி உடைத்தார் என்பதை உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

நான் அல்லிநகரத்துக்காரன். கல்யாணத்துக்கு முன் டிரையல்ஸ் ஓட்டினவன். அது வேகப் போட்டி இல்லை. பாறை, ஓடைக்கல், மேடு பள்ளத்தில் காலைத் தரையில் ஊன்றாமல் மெதுவாக ஓட்ட வேண்டும். கால் பட்டால் மார்க் போச்சு. பதினைந்து வருஷம் விட்டிருந்தேன். வைகாசியில் பழைய வண்டிகளுக்கென்று ஒரு போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கை அரித்தது. அப்பா ஓட்டிய டூ ஸ்ட்ரோக் வண்டியை வீட்டிலேயே பிரித்தேன். பின்னால் பெரிய பல்சக்கரம், தூக்கிக் கட்டிய சைலன்சர், அகலமான ஹேண்டில்பார். எல்லாம் என் கைவேலை. லேத்துப்பட்டறை வைத்திருக்கும் தவமணி கால் வைக்கும் கம்பியை மட்டும் கடைந்து கொடுத்தான். விழுவதற்கு முந்தின நாள் வந்து கார்புரேட்டரையும் கொஞ்சம் திருகிவிட்டுப் போனான்.

மறுநாள் பாறை மேல் ஏறி, இடது பக்கம் முழுசாகத் திருப்பினேன். நான் ஆக்சிலேட்டரை முறுக்கவே இல்லை. வண்டி தானாகக் கத்திக்கொண்டு பாய்ந்தது. அவ்வளவுதான் தெரியும்.

படுத்த படுக்கையில் யோசித்தேன். கடைசியாக வண்டியைத் தொட்டது யார்? "இதை எனக்குக் குடுத்துர்றியா மாப்ள?" என்று முன்பு கேட்டது யார்? தவமணி கம்பம் திராட்சை வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்தேன். அந்தத் திராட்சையை ஒன்றுகூட வாயில் வைக்காமல் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். அதற்குப் பிறகு அவன் வந்தால் தூங்குவது போல் படுத்துக்கொள்வேன். தோள் சரியான பிறகும் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் உதைக்காமலே இறங்கிவிடுவேன். ஏன் விழுந்தோம் என்று தெரியாமல் எப்படி ஏறுவது? அழுகையே வந்துவிட்டது.

எங்கள் பக்கம், மனுஷனிடம் கேட்க முடியாததைச் சாமியிடம் கேட்கக் காசு வெட்டிப் போடுவோம். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கருப்பன் கோயில் வாசல் கல்லில் ஒரு ரூபாயை வைத்து, உளியால் இரண்டாக வெட்டிப் போட்டேன். "கருப்பா, எவன் கை பட்டு நான் விழுந்தேனோ, அந்தக் கை ஒரு மாசம் சோறு அள்ளக் கூடாது. எனக்கு நியாயம் காட்டு" என்றேன். தவமணி பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்னவோ தொண்டை அடைத்துக்கொண்டது. பேர் சொல்லாமலே திரும்பினேன்.

நாலாம் நாள் இஞ்சின் ஓட ஓடச் செயினைத் துடைத்தேன். புத்தி கெட்ட வேலை. துணியோடு என் வலது கையைப் பல்சக்கரம் இழுத்தது. இரண்டு விரலில் தையல். ராஜாத்திதான், என் சம்சாரம், சோறு ஊட்டிவிட்டாள். அப்போதாவது உறைத்ததா? இல்லை. தவமணி எனக்கு எதிர்க்காசு வெட்டிவிட்டான் என்று நினைத்தேன்!

மூன்றாவது வாரம். இஞ்சின் கெட்டுவிடக் கூடாது என்று உதைத்து ஓடவிட்டேன். வாசல் வழியை மறைக்கிறது என்று ராஜாத்தி ஹேண்டிலைத் திருப்பினாள். வண்டி அலறியது.

"ஏய், எதுக்கு முறுக்குற?"

"நான் எங்கன முறுக்குனேன்? நடுக்கம்பியில கைய வச்சுத் திருப்புனேன். இப்ப என்னையும் சந்தேகப்படுங்க!"

"இன்னொருக்கா திருப்பு."

இடது பக்கம் திருப்பினாள். மறுபடி அலறல். குனிந்து பார்த்தேன். ஆக்சிலேட்டர் ஒயர் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. பழைய சின்ன ஹேண்டிலுக்கு அளவான ஒயர் அது; அகலமான ஹேண்டிலைத் திருப்பினால் தானாக இழுபடும். அகலமான ஹேண்டிலை மாட்டியவன் நான். "ஒயர் கட்டையா இருக்கு மாப்ள, மாத்திரு" என்று தவமணி அப்போதே சொன்னான். அவனிடம் கிடக்கும் பழைய ஒயரை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்து, மாற்றாமல் விட்டவனும் நான்.

கட்டுப் போட்ட கையைப் பார்த்தேன். எவன் கை பட்டு விழுந்தேனோ அந்தக் கை. அய்யா கருப்பா! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சாபம் தீர வெட்டிய காசைத் திரும்ப எடுக்க வேண்டும்; அதற்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போக வேண்டும். பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தவமணி லேத்தை நிறுத்தினான். முகம் சுண்டிவிட்டது.

"என் பேரச் சொன்னியாலே?"

"சொல்லல. சொல்ல வந்தேன், சொல்லல."

பிறகு என் கையைப் பார்த்தான். "அதான பார்த்தேன். சாமி ஆள் மாறாமத்தான் புடிச்சிருக்காக" என்றான். சிரித்தானா அழுதானா தெரியவில்லை. "திராட்சையாவது தின்னியா?" என்றான்.

இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்க் காசை எடுத்தோம். அவன் கையாலேயே புது ஒயர் போட்டோம். வைகாசிப் போட்டியில் அதே மாதிரி ஒரு பாறையில் இடது பக்கம் முழுசாகத் திருப்பினேன். வண்டி சாதுவாக நின்றது. தவமணி கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றான், நான் விழுந்தால் பிடிக்க. மூன்று தரம் கால் ஊன்றினேன். பரிசு கிடையாது. ஆனால் வண்டியில் வீடு வந்து சேர்ந்தேன், சிநேகிதனைப் பின்னால் உட்காரவைத்து.

சந்தேகக் குணம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போது வண்டி எடுக்கும்முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிக் காது கொடுத்துக் கேட்கிறேன். என் வேலையைத்தான் முதலில் சோதிக்கிறேன். உங்களுக்கும் தாங்க முடியாத ஒன்று இருந்தால் கருப்பனிடம் போய்க் கேளுங்கள், காட்டுவார். ஆனால் யார் பேரையும் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு என் தொண்டையை அடைத்தாரே, அதுதான் எனக்கு அவர் செய்த உதவி.