நிற்கும்போது என்னைப் பார்க்காதே

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கடலிலிருந்து வடகாற்று அடித்தால் கூரை போய்விடுமோ என்று பயம், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பயம். என்னைக் கட்டிக்கொண்ட எவோதியோவும் வேறு விதத்தில் பயந்தே பிழைத்தவன். வெராக்ரூஸ் துறைமுகத்து மீன்கடைக் குளிர்பெட்டிகளுக்கெல்லாம் அவன்தான் மெக்கானிக். பாதிச் சாப்பாட்டில் யாராவது ஓடி வருவார்கள். "எவோதியோ, பெட்டி செத்துப்போச்சு, இறால் பூரா உள்ள கெடக்கு!" தட்டை மூடி வைத்துவிட்டு ஓடுவான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு திடீரென்று ஒருநாள் தான்சோன் நடனம் ஆடப் போகிறேன் என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உனக்கு எதுக்குக் கிழவா இந்த வேல? இடுப்பு சுளுக்கிக்கும்." கட்டியவனைக் கிழவா என்பதும் கட்டியவளைக் கிழவி என்பதும் எங்கள் ஊர்ப் பழக்கம். கல்யாணமான மறுநாளே ஆரம்பித்துவிடுவோம்.

"இது வேல இல்லடி கிழவி. அதனாலதான் போறேன். நீயும் வா."

போனேன். சனிக்கிழமை சாயங்காலம் சதுக்கத்தில் வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள், ஜோடி ஜோடியாக ஆடுவோம். தான்சோனில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பல்லவி வந்தால் ஆடக்கூடாது. கையைப் பிடித்தபடியே நின்று, வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். பெண்கள் விசிறிக்கொள்வார்கள். பல்லவி முடிந்ததும் எல்லாரும் ஒரே தாளத்தில் கால் எடுப்போம். நடுவில் அசைந்தவனைச் சதுக்கமே ஓட்டித் தள்ளிவிடும்.

என் கிழவன் அசைவான். ஒவ்வொரு பல்லவியிலும் முந்திக்கொண்டு காலை எடுத்துவிடுவான். முரசடிக்கும் ஹசிந்தோ அடித்துக்கொண்டே கத்துவார். "டேய் எவோதியோ, வீட்டுல பால் பொங்குதா?" அவன் வெட்கமே இல்லாமல் சிரிப்பான். சீருடை போட்டுப் போட்டிக்குப் போகும் குழு ஒன்று ஆள் பற்றாமல் அவனைக்கூடக் கேட்டது. "பரிசு கிரிசுன்னு வந்தா எனக்கு வயித்தக் கலக்கும், ஆள விடுங்கப்பா" என்று கும்பிடு போட்டான்.

ஒரு சனிக்கிழமை பல்லவி வந்தது, நின்றோம். பல்லவி முடிந்தது. எல்லா ஜோடியும் கால் எடுத்தது. அவன் மட்டும் அப்படியே நின்றான்.

"அட, ஒருவழியா நிக்கக் கத்துக்கிட்டியே கிழவா!" என்றேன். ஹசிந்தோ முரசுக் கோலைத் தூக்கிக் காட்டினார். பக்கத்து ஜோடிகள் கைதட்டின. அவனும் சிரிக்கிறான் என்றுதான் நினைத்தேன். வாயில் ஒரு பக்கம் மட்டுமே மேலே போயிருந்தது. என் கையிலிருந்த அவனுடைய இடது கை ஈரத்துணி மாதிரி நழுவியது. ஐயோ, அந்தக் கைதட்டல் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

பக்கவாதம் என்றார்கள். உயிர் தப்பி வீட்டுக்கு வந்தான். என் பயத்துக்கு அதற்குப் பிறகு அளவே இல்லை. தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். குளிக்கப் போனால் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பேன். சிரித்தால் வாய் நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். நான் அப்படிப் பார்ப்பது தெரிந்து அவன் சிரிப்பதையே விட்டுவிட்டான்.

ஆடுவது காலுக்கு நல்ல பயிற்சி என்று சிகிச்சை கொடுக்க வந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் மகள் இராசேமா அதைப் பிடித்துக்கொண்டாள். காலை, மதியம், மாலை என்று சமையலறையில் போனை வைத்துத் தான்சோன் ஓடவிடுவாள்.

"இடது கால், அப்பா! தூக்கு! எங்க, இன்னொரு தடவ!"

வேர்த்துக் கொட்ட அவனும் தூக்கினான். ஒருநாள் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான்.

"நிறுத்தும்மா. அந்தப் பாட்டையும் மாத்திரையாக்கிட்டீங்க."

"கால் சரியாக வேணாமாப்பா?"

"காலுக்கு வேற ஏதாவது குடு, செய்றேன். வயசு பூரா பயந்து பயந்து வேல பாத்தவன் நான். ஒரு வயர மாத்தி மாட்டுனா ஒருத்தனோட மீன் அத்தனையும் நாறிப்போகும். அந்தச் சதுக்கத்துல மட்டுந்தான் நான் தப்புப் பண்ணா யாரோட மீனும் கெடாது. அதையும் புடுங்கிக்காதீங்க."

இராசேமா போனை அணைத்தாள். அடுத்த நாளிலிருந்து ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்தான். அதற்கு முணுமுணுக்கவே இல்லை.

மழைக்காலம் போன பிறகு ஒரு சனிக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்டுத் தொப்பியோடு வாசலில் நின்றான். "போலாமா?"

"விழுந்துட்டா?"

"தூக்கி விடு."

"மறுபடி அதே மாதிரி வந்துட்டா?"

தொப்பியைத் தலையில் வைத்தான். "எனக்கும் பயந்தான்டி. வா, போவோம்."

சதுக்கத்தில் எங்களைப் பார்த்ததும் மேடையில் அறிவிப்பவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "குடும்பத்தாரே! இந்தத் தான்சோன் நம்ம எவோதியோவுக்கும் அவர் கூட வந்தவங்களுக்கும்!" கூட வந்தவள் நான், அவன் முழங்கையை இறுகப் பிடித்திருந்தேன்.

ஆடினோம். அவன் இடது கால் இழுத்து இழுத்து வந்தது, என் செருப்பை மிதித்தது. பிறகு பல்லவி வந்தது. எல்லாரும் வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. அவன் வாயையே பார்த்தேன்.

"என்னப் பாக்காத. அங்க பாரு."

"மாட்டேன்."

"ஊரே அங்க பாக்குது. நீ மட்டும் பொணத்தப் பாக்குற மாதிரி பாக்குற. திரும்புடி கிழவி."

"எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும். திரும்பு."

திரும்பினேன். விசிறியை விரித்தேன். ஹசிந்தோ எதிரே முரசடித்துக்கொண்டிருந்தார், அவர் கண்ணும் என் தோளுக்குப் பின்னால் நின்ற என் கிழவன்மேல்தான் இருந்தது. பல்லவி முடிவேனா என்றது. அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, கை மட்டும் என் கையில் இருந்தது. அது அசையவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் அசையாமல் இருந்தது. கடவுளே, கடவுளே என்று உள்ளுக்குள் அலறினேன்.

பல்லவி இன்னும் முடியவில்லை. எல்லா ஜோடியும் கம்பம் மாதிரி நிற்கையில், அந்த இடது கை என்னை இழுத்தது. கிழவன் முந்திக்கொண்டுவிட்டான். இழுத்த வேகத்தில் என் கால்விரலையும் மிதித்தான்.

"டேய் எவோதியோ!" ஹசிந்தோ முரசுக் கோலைத் தூக்கிக் கத்தினார். "வீட்டுல பால் பொங்குதாடா?"

சதுக்கமே சிரித்தது. எனக்குக் கண்ணீர் கொட்டியது.

"தப்பு கிழவா, தப்பு" என்றேன்.

"சரி" என்றான். "யாரோட மீன் கெட்டுப்போச்சு?"