குமிழி நிற்கக் கூடாது

எழுபதுகளில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தேன். எஸ்டேட் ஏரியின் மதகில் மரக்கிளை அடைத்துக்கொண்டால் முக்குளித்து எடுக்கக் கொச்சியிலிருந்து ஆள் வர வேண்டும். நம் ஆள் ஒருவனையே பழக்கிவிடலாம் என்று மேனேஜர் துரை முடிவு செய்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, நான் இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது என் மனைவி நிறைமாதம். கேட்டதும், "பிள்ளைக்கு அப்பன் வேணும். அதை நெனைச்சுக்கிட்டு எறங்குங்க," என்றாள்.

கற்றுக்கொடுக்க வந்தவர் கடற்படையில் முக்குளித்த மலையாளி. காற்றடைத்த சிலிண்டரை முதுகில் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில்தான் முதலில் பழக்கினார். காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதச் சொன்னார். மலைப்பாதையில் பஸ் இறங்கும்போதெல்லாம் நாங்கள் செய்கிற வேலைதான். மாட்டிக்கொண்டது மூச்சில். ஓடைத் தடுப்பணையில் யார் ரொம்ப நேரம் தம் கட்டுவான் என்று பந்தயம் போட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அவரோ, "ஸ்வாசம் பிடிக்கண்டா. மூச்சை விட்டுக்கிட்டே இரு," என்று ஓயாமல் சொல்வார். கீழே இழுத்த காற்று மேலே வர வர விரியும். அடைத்து வைத்தால் நெஞ்சையே கிழித்துவிடுமாம்.

ஆழத்துக்குப் போன காலையில் மனைவியும் கரைக்கு வந்துவிட்டாள். குமிழி வந்துகொண்டிருந்தால் ஆள் நலம் என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, அவர் என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

அடியில் கண்டதைச் சொல்ல இன்றும் எனக்கு வார்த்தை போதவில்லை. ஏரி கட்டியபோது மூழ்கிய தேயிலைக்காடு. இலையில்லாமல், கவாத்து வெட்டிய மாதிரி, நிரை நிரையாக அப்படியே நின்றது. கொழுந்தெடுக்கிறவர்கள் நடந்த வழியில் மீன்கள் போய்க்கொண்டிருந்தன. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மேலே போகலாம் என்று அவர் சைகை காட்டினார். நான் கண்ணை எடுக்காமலே எழும்பினேன். அந்த மலைப்பில் பழைய புத்தி வந்துவிட்டது, தம் கட்டிவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, வயிற்றில் ஒரு குத்து விட்டார். உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியே கொட்டியது. பிறகு மூச்சை விட்டுக்கொண்டே மெல்ல வந்து சேர்ந்தோம்.

தண்ணீருக்குள் பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தேன். நீச்சல் தெரியாத என் மனைவி, வயிற்றைப் பிடித்தபடி, முழங்காலளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள்.

"ரெண்டு எடத்துல குமிழி வந்துச்சு. ஒண்ணு நின்னுபோச்சு," என்றாள். "நின்னது யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"