கணினியில் திறக்காத முகம்

மன்னார் உப்புக்குளத்தில் சிறிய கடை வைத்து, இறந்தவர்களின் நினைவு அட்டைகளைக் கணினியில் வடிவமைத்துக் கொடுக்கிறேன். நான் பழகிய மென்பொருளை அதன் போட்டிக் கம்பனி ஒன்று வாங்கி நிறுத்திவிட்டது. என்னை யார் கேட்டார்கள்? புதியதற்கு மாறினேன், பழையதை அழித்தும்விட்டேன்.

அண்மையில் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்த மரியாக்கா வந்தார். "தங்கச்சி, ஷெல் விழுந்து வீட்டோட படமெல்லாம் எரிஞ்சு போச்சுது. நீங்கள் செய்த அட்டையில அவரின்ர முகம் இருக்குமெல்லோ?"

"ஓம் அக்கா, இருங்கோ, எடுத்துத் தாறன்" என்றேன்.

புதிய மென்பொருளில் அந்தப் பழைய கோப்பு திறக்கவேயில்லை. அதைச் சொல்லத் திரும்பினால், அக்கா சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். மாதிரிக்கென்று எப்போதோ ஒட்டிய அட்டைகளுக்குள் அவருடைய கணவர் இருந்தார். மெதுவாக உரித்துக் கொடுத்தேன். செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது எந்த அட்டை முடித்தாலும் ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். சுவரில்தான் இடம் போதவில்லை.