அச்சில் விழாத கழித்தல் குறி

நாங்கள் இங்கே வந்த முதல் மாதத்தில் ஒருநாள் காலை, பக்கத்து வீட்டுச் சந்திரன் வேலியோரம் நின்று, “மோட்டர் ஓடலக்கா. சார இன்னிக்கு பஸ்ல போகச் சொல்லிடுங்க” என்றார். நான் உள்ளே ஓடிப்போய் வீட்டில் இருந்த குடம், வாளி, குக்கர் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். எங்கள் அம்பாசமுத்திரத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால் குழாயில் தண்ணீர் வராது. அதற்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. இங்கே, மலாய் நாட்டின் கெடா மாநிலத்துப் புக்கிட் செலம்பாவில், மோட்டர் என்றால் மோட்டார் சைக்கிள். சந்திரன் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். போகிற வழியில்தான் என் கணவர் கணிதம் கற்பிக்கும் தனியார் கல்லூரி. அறுபது வயதைத் தாண்டிய பேராசிரியர் அருணாசலம் தலையில் ஹெல்மெட்டும் மடியில் விடைத்தாள் கட்டுமாகப் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்க்க முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. “சைக்கிள்ல டபுள்ஸ் போனவன்தான நான்” என்றார்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்குள்ள தமிழர்கள் ‘ஊர்க்காரங்க’ என்கிறார்கள். அவர்கள் தோட்டத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. நாங்கள் வந்து நான்கு வருடம். கல்லூரி கடிதம் கொடுத்தால்தான் நாங்கள் இங்கே தங்குவதற்கான பாஸ் நீளும். அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதனால் நான் மிக்சி வந்த அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப் போடவில்லை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நான், இங்கே வேலை பார்க்கக்கூடாது என்று பாஸிலேயே எழுதியிருக்கிறது. பகல் முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன். எதிரே எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மர வரிசை. ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. திரும்ப அடுப்படிக்குப் போவேன்.

என் கணவரின் அம்மா பீடி சுற்றியவர். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. கட்டுகளை எண்ணி அடுக்கித்தான் இவருக்குப் பெருக்கல் வந்தது. ஊர்க் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கரும்பலகையில் ஒரு தேற்றத்தைத் தப்பாக நிறுவிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைக் கண்டுபிடித்திருக்கிறார். மறுநாள் வகுப்பில் போய், “நேத்து நான் சொன்னது தப்பு, அடிச்சிருங்க” என்றாராம். பையன்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, “இப்படிச் சொன்னா எவன்யா மதிப்பான்?” என்று கேட்டார். இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொல்ல மாட்டார். கேட்டால்தான் சொல்வார், அதுவும் பாதி.

போன வருடக் கடைசியில் எங்கள் பாஸ் முடிகிற சமயம். தேர்வு முடிந்து மதிப்பெண்களும் கல்லூரியில் கொடுத்தாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடைத்தாள்களைக் கட்டி வைக்கும்போது ஒரு தாளை எடுத்துப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கோலா கெடா மீனவர் வீட்டுப் பெண் நூருல் எழுதிய தாள். மூன்று சமன்பாடுகளைத் தீர்க்கும் கணக்கு. அவள் பக்கம் முழுவதும் போட்டுப் பார்த்துவிட்டு, கீழே மலாயில், ‘மூன்று முறை முயன்றேன், விடை இல்லை’ என்று எழுதியிருந்தாள். அதற்கு இவர் சுழியம் போட்டிருந்தார். கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு கழித்தல் குறி அச்சில் விழவில்லை. அச்சடித்தபடி பார்த்தால் அந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. அச்சுப்படியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். மற்றவர்களில் பாதிப் பேர், முந்தைய வாரம் வகுப்பில் போட்ட கணக்குதான் இது என்று நினைத்து, அந்த விடையை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். சந்திரனின் மகள் ஷாலினியும் அவர்களில் ஒருத்தி.

“எல்லாருக்கும் முழு மார்க் போட்டுட்டா என்ன?” என்றேன்.

“யோசிச்சேன். அது என் மானத்தக் காப்பாத்தும். அந்தப் புள்ள நூருல் மூணு தடவ போட்டுப் பாத்திருக்கே, அவளுக்கு என்ன பதில் சொல்ல?”

“நமக்குக் கடிதம் வரணும். இந்த மாசம்தானா இது?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை துறைத் தலைவியிடம் போனார். யாழ்ப்பாண வழி வந்த குடும்பத்துப் பெண்மணி, நல்லவர். “யாரும் கம்ப்ளெயின் பண்ணலையே, ப்ரோஃப். விட்டுடுங்க லா” என்று இந்த ஊர் ‘லா’ போட்டுச் சொன்னாராம். இவர் விடவில்லை. அந்தக் கேள்வியை எல்லாத் தாள்களிலும் திரும்பத் திருத்தினார். போட்ட படிகளுக்கு மதிப்பெண், படி இல்லாமல் எழுதிய விடைக்கு ஒன்றுமில்லை. நூருல் தேறினாள். ஷாலினி ஐந்து மதிப்பெண்ணில் தவறினாள். இந்தப் புகுமுகப் படிப்பை முடித்து அவள் பட்டப்படிப்பில் சேர்வது ஒரு பருவம் தள்ளிப்போயிற்று.

முடிவு வெளியாவதற்கு முதல் நாள் சாயங்காலம், “நானே போய்ச் சொல்லிட்டு வாரேன்” என்று கிளம்பினார். நானும் கூடப் போனேன். சந்திரனின் மனைவி லெட்சுமி கோப்பி கலக்க எழுந்தார். இவர் உட்காரவே இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குறி விழாதது, தான் கவனிக்காதது, திரும்பத் திருத்தியது, ஷாலினி தவறியது. லெட்சுமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஷாலினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சந்திரன் அந்தக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு, “தப்பு ஒங்களுது. பெயிலு எம்புள்ளைக்கா சார்?” என்றார்.

“ஆமா. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“நல்லாருக்கு லா, ஒங்க கணக்கு.”

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டர் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. இவர் பையை எடுத்துக்கொண்டு பெரிய சாலைக்கு நடந்தார். இரண்டு வாரம் அப்படித்தான். லெட்சுமி துணி உலர்த்தும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இந்த மண்ணில் என்னிடம் “பசியாறிட்டீங்களாக்கா?” என்று தினமும் கேட்ட ஒரே குரல் அதுதான். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் கணவர் மேல்தான் வந்தது. நேர்மையாக இருக்க ஒருவருக்குச் சொந்த மண் வேண்டாமா? வாடகை வீட்டில், வாங்கிய பாஸில் இருந்துகொண்டு இதெல்லாம் தேவையா? ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, “கணக்குக்கு ஏது ஊரு?” என்றார். அது எனக்குப் போதவில்லை. இப்போதும் போதவில்லை.

மூன்றாவது வாரம் ஷாலினி நோட்டோடு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

“சார், நான் பக்கத்துல பாத்து எழுதல. எனக்குப் போட்டப்போ வேற மாதிரி வந்துச்சு. ரெண்டு சமன்பாடு சண்ட போட்டுக்கிச்சு. நான்தான் தப்புன்னு நெனச்சு, அழிச்சிட்டு, நீங்க கிளாஸ்ல போட்டத எழுதிட்டேன்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் முகம் அப்படிச் சிறுத்துப் போய் நான் பார்த்ததில்லை. “ஒனக்குச் சரியாத்தாம்மா வந்திருக்கு” என்றார். “ஒன் கணக்க விட்டுட்டு என்ன நம்பிருக்க. அப்படி நம்பச் சொல்லிக் குடுத்தது நான். குறி விட்டதவிட அது பெரிய தப்பு.”

அவள் அழுதாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவள் அழித்த படிகளை இருவரும் சேர்ந்து திரும்பப் போட்டார்கள். அன்றிலிருந்து இவர் ஒவ்வொரு வகுப்பிலும் பலகையில் வேண்டுமென்றே ஒரு வரியைத் தப்பாக எழுதிவிட்டு, யாராவது எழுந்து சொல்லும்வரை நகராமல் நிற்பாராம். முதல் வாரம் பத்து நிமிடம் நின்றிருக்கிறார். ஒருவரும் எழவில்லை. கடைசியில், இவரிடமே அடுத்த வகுப்புக்கு வந்திருந்த நூருல் கையைத் தூக்கினாள். இப்போது பிள்ளைகள் சரியான வரியைக்கூடச் சந்தேகப்படுகிறார்கள் என்று சிரிக்கிறார்.

ஷாலினி மறுதேர்வில் தேறினாள். அதற்கு முன்பே ஒரு காலையில் சந்திரன் எங்கள் வாசலில் ஹாரன் அடித்தார். “ஏறுங்க சார், லேட்டு” என்றார். அவ்வளவுதான் பேச்சு. கல்லூரிக் கடிதமும் வந்தது. இந்த முறை இரண்டு வருடத்துக்கு அல்ல, ஒரே வருடத்துக்கு. காரணம் எழுதவில்லை. இவரும் கேட்கவில்லை. நான்தான் அந்தக் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன்.

போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து செல்வி அழைத்தாள். பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி. அங்கே நல்ல மழையாம். “எப்பம்க்கா வீட்டுக்கு வருவீங்க?” என்றாள். ஷாலினியிடம் கொடுத்தனுப்ப ரசப்பொடி வறுத்துக்கொண்டிருந்தேன். கவனம் சட்டியில் இருந்தது. “வீட்லதான இருக்கேன்” என்றேன்.

“வந்தாச்சா? சொல்லவே இல்லையே!” என்று கத்தினாள். நான் திருத்திச் சொல்வதற்குள் போனைக் கையில் பிடித்தபடியே ஓடிவிட்டாள். செருப்புச் சத்தம் கேட்டது. மழைச் சத்தம் கேட்டது. பிறகு எங்கள் கிரில் கேட்டை அவள் ஆட்டுவது கேட்டது. “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டாள். நான் செம்பனை வரிசையைப் பார்த்தபடி ஜன்னலோரம் நின்று, என் வீட்டுக் கதவை ஒருத்தி தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.