வண்டி ஓட்டியது இவர் இல்லை

சிவகாசியில் ஓர் அச்சாபீசில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறேன். அன்று காலை காலண்டர் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. போனில் பேசியவர் எனக்கு முன்பின் தெரியாதவர். "ரோட்டோரத்துல ஒரு அம்மா கெடக்காக. தம்பிக்குப் போன் போடுங்கன்னு இந்த நம்பரத்தான் சொன்னாக. சீக்கிரம் வாங்க," என்றார். மை படிந்த கையோடு அப்படியே ஓடினேன்.

அக்காவும் மச்சானும் தாயில்பட்டிப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அக்கா பேக்கிங்கில், மச்சான் மருந்து கலக்கும் அறையில். எங்காவது டமார் என்று சத்தம் கேட்டால் அக்கா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்த அறைப் பக்கம்தான் ஓடுவாள். அவள் பயம் எல்லாம் மருந்தைப் பற்றித்தான். ரோட்டைப் பற்றி அவள் நினைத்ததே இல்லை. இருவரும் மொபெட்டில் வேலைக்குப் போகும்போது பின்னால் வந்த கார் இடித்துவிட்டுப் போய்விட்டது. மச்சான் ஆம்புலன்ஸிலேயே இறந்துவிட்டார். அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த அக்கா அழவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக் கிட்டே வரச் சொன்னாள்.

"ஏலே, கார் நின்னுச்சுலே. ஒரு பிள்ள எறங்கி வந்துச்சு. சுடிதார் போட்ட பிள்ள. என் தலையத் தூக்கி மடியில வச்சு, பாட்டில்ல இருந்து தண்ணி குடுத்துச்சு. 'அக்கா கண்ண மூடாதீங்க, கண்ண மூடாதீங்க'ன்னு அழுதுச்சு. அப்பறம் போன் வந்துச்சு. பேசிட்டு, என் தலைய மெதுவா கீழ வச்சிட்டுப் போயிருச்சு."

"வழியில போன பிள்ளையா இருக்கும்க்கா."

"வழியில போன பிள்ள எதுக்குலே 'நான் இடிச்சிட்டேன்ப்பா'ன்னு போன்ல சொல்லணும்?"

வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரரிடமும் இதையே சொன்னாள். அவர் மோசமான மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் அடிபட்ட மயக்கத்தில் ஏதேதோ தோன்றும் என்று எனக்குத் தனியாகச் சொன்னார். நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன்.

ரோட்டில் சிதறிக் கிடந்த விளக்குக் கண்ணாடியையும், பெட்ரோல் பங்க் கேமராவையும் வைத்துக் காரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விருதுநகரில் வத்தல், பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற ஒரு குடும்பத்தின் கார். மறுநாளே அந்த வீட்டு டிரைவர் வக்கீலோடு வந்து சரணடைந்தார். 'நான்தான் ஓட்டினேன், பயத்தில் ஓடிவிட்டேன்' என்றாராம். வழக்கு அவர் பெயரில் பதிவானது.

அந்த டிரைவரை நான் மனசுக்குள் எத்தனை முறை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மெஷின் முன்னால் நிற்கும்போது, தாள் ஓடுகிற சத்தத்தில், அவன் முகம் இப்படி இருக்கும் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அக்கா வாக்கர் பிடித்து நடக்கப் பழகி, பிறகு கம்பு ஊன்றி, பிறகு அதுவும் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற அளவுக்கு வந்தபோதுதான் சாட்சி சொல்லச் சம்மன் வந்தது.

கோர்ட்டு வராந்தாவில் ஒரு ஆள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, நரைத்த மீசை, தூக்குச்சட்டியில் கொண்டுவந்த சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நஷ்டஈட்டுக்காக நாங்கள் வைத்திருந்த வக்கீல் அவரைக் காட்டி, "அந்தா, அவர்தான் டிரைவர்," என்றார். நான் ஒரு எட்டு வைத்திருப்பேன். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவரு இல்லலே," என்றாள். மெதுவாகப் பேசத் தெரியாதவள் அவள். அந்த ஆளின் கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

வக்கீல் எங்களை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இங்க பாருங்கம்மா. இவர் இல்லைன்னு நீங்க சொன்னா, இவர் விடுதலை ஆயிருவார். அப்பறம் யாருக்கும் தண்டனை இல்ல. வேற ஆளுன்னு நிரூபிக்க நம்மகிட்ட என்ன இருக்கு? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. அந்த ஆளே ஒத்துக்கிட்டுத்தான வந்திருக்காரு."

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. மச்சான் சாவுக்கு யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்ற வெறிதான் எனக்கு இருந்தது. "ஆமான்னு சொல்லிரு, அக்கா," என்றேன். உள்ளே கூப்பிட்டார்கள்.

மாஜிஸ்ட்ரேட் ஒரு பெண். அக்கா நிற்கச் சிரமப்படுவதைப் பார்த்து நாற்காலி போடச் சொன்னார். அரசு வக்கீல் வழக்கமான கேள்விகளைக் கேட்டுவிட்டு, குற்றவாளிக் கூண்டைக் காட்டி, "வண்டியை ஓட்டியது இவர்தானே?" என்றார்.

"இவரு இல்லைங்கய்யா."

அரசு வக்கீல் தாளைப் பார்த்தார். மறுபடி கேட்டார்.

"இவரு இல்லைங்க. இவுக முகத்த இன்னைக்குத்தான் பாக்கேன். ஓட்டுனது ஒரு பொம்பளப் பிள்ள. என் தலைய மடியில வச்சிருந்துச்சு. அது அழுத கண்ணீர் என் நெத்தியில விழுந்துச்சு. அம்மா, நான் எதுக்குப் பொய் சொல்லணும்? என் வீட்டுக்காரரே போய்ட்டாக."

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வந்த மகிழ்ச்சியை மறைக்க முடியவில்லை. எழுந்து, குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாஜிஸ்ட்ரேட் மட்டும் அவசரப்படவில்லை. எந்த நிறச் சுடிதார், போனில் என்ன பேசினாள், கார் எந்தப் பக்கம் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதவைத்தார். கூண்டில் நின்ற ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தபோது அவர் எங்கள் எதிரில் வந்து நின்றார். "தாயி, உங்க வீட்டுக்காரருக்காக நான் கும்பிடாத நாள் இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். மல்லாங்கிணறு பக்கத்து ஊர்க்காரர், மானாவாரி விவசாயம் கைகொடுக்காமல் கார் ஓட்ட வந்தவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

பஸ்ஸில் நான் அக்காவிடம் பேசவில்லை. அவள்தான் பேசினாள். "கோவமாலே? அந்த மனுசனப் பாத்து ஆமான்னு சொல்லிட்டு வந்தா, நான் வீட்டுல சோறு திங்கவா?"

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். அக்காவின் சாட்சியை வைத்து அரசுத் தரப்பில் மேல் விசாரணைக்கு மனுப் போட்டிருப்பதாக வக்கீல் சொன்னபோதும் நான் நம்பவில்லை.

பொங்கல் சமயத்தில்தான் அது நடந்தது. விபத்து நடந்த அன்றே அந்த வத்தல் வியாபாரி வீட்டுப் பெண்ணைக் கோயம்புத்தூரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடிபட்ட இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள், எல்லாம் பேசி முடித்தாயிற்று என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவள் நம்பினாளா, நம்புவதுதான் வசதி என்று இருந்துவிட்டாளா, எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு வந்தவளை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்தவர் அதே டிரைவர்தான். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, மச்சான் இறந்ததையும், அக்கா கோர்ட்டில் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடச் சொல்லியிருக்கிறாள்.

அவள் அப்பா மீதும் உண்மையை மறைத்ததற்காக வழக்கு வந்தது. டிரைவர் மீதும் ஒன்று வந்தது. அக்கா அரசு வக்கீலிடம் போய், "அந்த டிரைவர விட்டுருங்கய்யா, அவுக சொல்லலைன்னா அந்தப் பிள்ள வந்திருக்காது," என்று கேட்டாள். அதெல்லாம் கோர்ட்டுதான் முடிவு செய்யும் என்றார் அவர். கடைசியில் டிரைவரைக் கண்டித்து விட்டுவிட்டார்கள்.

அந்தப் பெண்ணை நான் பார்த்தது தீர்ப்பு நாளில்தான். என் மனைவியை விட இளையவள். ஒல்லியாக, வியர்த்துப்போய், அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். விசாரணையின் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அம்மாவின் கையை விட்டுவிட்டு வந்தாள்.

"அக்கா..." என்றாள்.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ போன பெறகு நான் முழிச்சுத்தான் கெடந்தேன் தாயி. அங்கன புதருக்குள்ள அவுக மூச்சு விடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீ ஆளக் கூட்டிட்டு வருவன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "திருப்பலாம்னு நெனச்சேன்க்கா. அப்பா திட்டினாங்க. பயமா இருந்துச்சு. வந்திருக்கணும். நான் வந்திருக்கணும்."

"ஆமா. வந்திருக்கணும்," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும் என்கிற மாதிரி இருந்தது. பிறகு குனிய முடியாத இடுப்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சாய்ந்து, அவள் தோளைத் தொட்டாள். "எந்திரி. கூப்பிடுதாக, போ."

சிறைத் தண்டனை என்று மாஜிஸ்ட்ரேட் படித்தபோது அந்தப் பெண்ணின் அம்மா போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது. இத்தனை நாள் நான் காத்திருந்தது அதற்குத்தான். ஆனால் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அக்காதான் கடைசி வரை உட்கார்ந்திருந்து, எல்லாரும் போன பிறகு எழுந்து வந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பரோட்டாக் கடை ஒன்றின் வாசலில் அக்கா நின்றாள். மச்சான் போன பிறகு அவள் வெளியில் எங்கேயும் கை நனைத்ததில்லை.

"பசிக்குதுலே," என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றிச் சாப்பிட்டாள். பாதியில் கண் நிறைந்து வழிந்தது. துடைக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைக்காரர், "காரமா இருக்காக்கா? தண்ணி வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

"இல்லண்ணே. இன்னொரு பரோட்டா வைங்க," என்றாள்.