வெட்டாமல் விட்ட மூலைத்தூண்

வேலி போட ஆள் தேடுகிறவர்கள் நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள். கழற்றுவதற்கு மட்டும் யார் வந்தாலும் சரி. "அதில என்ன இருக்கு பாஸ், வெட்டி எறியிறதுதானே" என்பார்கள். கொழும்பில் இரும்பு வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் பாஸ் என்றுதான் பெயர். கொட்டாஞ்சேனையில் பட்டறை வைத்து, வெல்டிங் புகையிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன்: போடுவதைவிடக் கழற்றுவதுதான் சிக்கல். நாம் போடும் தூண் எப்படி நிற்கிறது என்று நமக்குத் தெரியும். யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன தூணைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இதை எனக்கு விளங்கவைத்தது வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடு.

கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் பழைய வீடு. முற்றத்தை இரண்டாகப் பிரித்துச் செயின் லிங்க் கம்பிவலை வேலி. ஒரு காலத்தில் மற்றப் பாதியை வாடகைக்கு விட்டிருந்தார்களாம். தாலிகட்டு மண்டபத்தில் என்றாலும், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் சொந்தக்காரருக்கெல்லாம் சாப்பாடு வீட்டில். கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் கொட்டகைக்காரர் வருவதற்குள் வேலி போயிருக்க வேண்டும். வேலையைப் பேசியது மணப்பெண்ணின் மாமி, அதாவது தகப்பனின் தங்கை. தகப்பன் உயிரோடு இல்லை. எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியது இந்த மாமிதான். நல்ல மனுஷி, ஆனால் வாயைத் திறந்தால் கட்டளைதான்.

நானும் என் கூட்டாளி சுனிலும் அன்று காலையில் இரும்பு வெட்டும் கிரைண்டரோடு போய் இறங்கினோம். பார்த்தால், வேலியின் மூலைத்தூணில் முள்முருக்கங்கொப்பு ஒன்று கட்டியிருக்கிறது. மஞ்சள் துணி, குங்குமம், மாவிலை, அடியில் பால் ஊற்றிய ஈரம். நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிறவன், இருந்தாலும் கன்னிக்கால் என்றால் என்னவென்று தெரியும். கலியாண வீட்டின் வடகிழக்கு மூலையில் சடங்காக இந்தக் கொப்பை ஊன்ற வேண்டும். முற்றம் முழுக்கச் சீமெந்து, எங்கே ஊன்றுவது? ஒரு வாளி மணலில் கொப்பை நட்டு, சாயாமலிருக்க வேலித்தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வெட்டச் சொல்லி எங்களைக் கூப்பிட்டதும் அதே தூணைத்தான்!

"இந்த ஒண்டை மட்டும் விடுங்கோ பாஸ்" என்றார் மாமி. "மற்றதெல்லாத்தையும் வெட்டுங்கோ. கலியாணம் முடியுமட்டும் இது அசையக்கூடாது. கன்னிக்கால் சரிஞ்சா பிள்ளைக்குத்தான் கூடாது."

"நீங்க பயப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்று பெரிய ஆள் போலச் சொல்லிவைத்தேன்.

வேலி கழற்றுவதில் வலை முதல், தூண் பிறகு. கட்டுக்கம்பிகளை வெட்டி, வலையைச் சுருட்டிக்கொண்டே வரவேண்டும். பிறகு தூணைச் சுற்றிச் சீமெந்தைக் கொத்தி, தரைக்கு இரண்டு விரல் கீழே கட்டிங் டிஸ்க்கால் வெட்டி, மேலே பூசிவிட வேண்டும். தரை மட்டத்தில் வெட்டினால் கூர்முனை மிஞ்சும், யாருடைய காலாவது கிழியும். நான் சுருட்டிக்கொண்டு முன்னே போக, சுனில் பின்னாலே தூண்களை வெட்டிக்கொண்டு வந்தான்.

மூலைக்கு நான் வந்து சேர்ந்தபோது பெண்ணின் தாய் எங்களுக்குப் பிளேன்டீ கொண்டுவந்தார். காலையிலிருந்து அவரைக் குசினிப் பக்கம் தவிர வேறெங்கும் காணவில்லை. கணவனை இழந்தவர் என்பதால், கொப்பை ஊன்றியபோதும் யன்னலுக்குள்ளே நின்றுதான் பார்த்தார் என்று பிறகு அறிந்தேன்.

கடைசிக் கட்டுக்கம்பியை வெட்டினேன். தூண் மெல்லச் சாயத் தொடங்கியது.

கடலின் உப்புக்காற்று பைப்பின் அடியைத் தின்று முடித்திருந்தது. மேலே பெயின்ற், கீழே சீமெந்து, நடுவில் வெறும் துரு. இத்தனை வருடமாக அதை நிறுத்திவைத்திருந்தது நான் அவிழ்த்த வலைதான். வலைச்சுருள் முழுவதும் என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. கையை விட்டால் அது கொப்பின் மேலேயே விழும். "சுனில்!" என்று கத்தினேன். கிரைண்டர் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

தாய் இரண்டடி தள்ளித் தட்டோடு நின்றார்.

"அக்கா, புடிங்க! தூண புடிங்க!"

"நான் அதைத் தொடக்கூடாது பாஸ்."

"விழப்போகுது அக்கா!"

தொட்டாலும் மகளுக்குக் கூடாது, விட்டாலும் மகளுக்குக் கூடாது. பெற்றவள் என்ன செய்வாள்? தட்டு கீழே விழுந்தது. இரண்டு கையாலும் தூணைப் பிடித்துவிட்டார்.

கோப்பை உடைந்த சத்தத்துக்கு மாமி ஓடிவந்தார். "மச்சாள்! என்ன செய்யிறியள்? கையை எடுங்கோ!"

"எடுத்தா விழுந்திடும்" என்றார் தாய்.

"விடுங்கோ, நான் பிடிக்கிறன்."

அதற்குள் மணப்பெண், அன்றைய சடங்குக்காகப் பாதி பின்னிய தலையோடு வெளியே வந்துவிட்டாள். தூணைப் பார்த்தாள், தாயின் கையைப் பார்த்தாள். "மாமி, அம்மாவே பிடிக்கட்டும்" என்றாள்.

"பிள்ளை, உன்ர வாழ்க்கை..."

"ஓம் மாமி, என்ர வாழ்க்கைதான். அம்மா, நீங்கள் விடாதேங்கோ."

சுனில் ஓடிவந்து என்னிடமிருந்து வலையை வாங்கினான். வெல்டிங் அடிக்க முடியாது, பச்சைக்கொப்பு கருகிவிடும். வெட்டிப்போட்ட தூண்களில் நல்ல துண்டுகள் இரண்டை எடுத்து, இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, சீமெந்தில் துளைபோட்டு, யூ போல்ட்டால் இறுக்கினோம். அவ்வளவு நேரமும் தாய் அசையவில்லை. மகள் பக்கத்தில் நின்று அவருடைய முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"இனி விடலாம் அக்கா" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்கத் துருவும் மஞ்சளும். அதைப் பார்த்துக்கொண்டே அழத் தொடங்கினார்.

"கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ அம்மா" என்றாள் மகள். "பூ நீங்கள்தான் வைச்சுவிட வேணும்."

தாய் மாமியைப் பார்த்தார். மாமி குனிந்து உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினார். நிமிராமலே சொன்னார்: "போங்கோ மச்சாள். பூ வாடப்போகுது."

கலியாணம் முடிந்து, கொப்பைக் கடலில் விட்ட பிறகு போய் அந்தத் தூணையும் எடுத்தோம். வெட்ட ஒன்றும் இருக்கவில்லை. முட்டுகளைக் கழற்றியதும் கையோடு வந்துவிட்டது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். வலையை அவிழ்க்கும் முன் மூலைத்தூணின் அடியைக் கொத்திப் பாருங்கள், சந்தேகமென்றால் முதலில் முட்டுக் கொடுங்கள். அப்படியும் ஒருநாள் ஏதாவது சாயும். அப்போது யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று பார்க்க நேரம் இருக்காது. கிட்ட நிற்கிறவரைக் கூப்பிடுங்கள்.