ஜஸ்டின் நனைத்த சவ்வு

சாவுச் செய்தி வந்தபோது நான் ஆய்வகத்தில் வாயு உருளையைத் திறந்துகொண்டிருந்தேன். போனில் ஜஸ்டினின் மனைவி மெர்லின். "அண்ணா, அவிய போயிட்டாவ" என்றாள். உருளையை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

கல்லூரி ஆசிரியர் அறையில் பதினோரு வருடம் எனக்கும் ஜஸ்டினுக்கும் ஒரே மேசை. என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் வகுப்புகளையும் அவனே எடுத்தான். சாண எரிவாயுவிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் சவ்வு செய்வது எங்கள் ஆராய்ச்சி. சவ்வில் பொதிந்த அயனிகள் கரியமில வாயுவை மறுபக்கம் கடத்திவிடும். மீத்தேன் இந்தப் பக்கமே தங்கும். இந்த மாதிரிச் சவ்வுக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் படுத்துவிடும். எங்களுடையது உலர்ந்த வாயுவிலும் ஓடியது. அப்படித்தான் கட்டுரையில் எழுதினோம்.

சோதனைக் கருவிக்குள் நான் சவ்வை மாட்டினால் ஓடாது. காலையில் எனக்கு முன்னால் வந்து அவன் மாட்டி வைத்தால் ஓடும். "வெப்ராளப்படாத மக்கா, பதறாத, ஒனக்குக் கைராசி இல்ல" என்பான். வேதியியல் படித்தவன் கைராசியை நம்பினேன் என்றால் சிரிப்பீர்கள். நம்பினேன்.

பங்குனி வெயிலில் சுசீந்திரத்துப் பால்பண்ணைக்காரர் வந்தார். சாண வாயுவில் எஞ்சின் ஓட்டுகிறவர்; அது துருப்பிடிக்கக்கூடாது என்று வாயுவை உலர்த்தி அனுப்புவார். "சாரே, ஒங்க சவ்வு மாட்டி ஒரு வாரம் ஆவல்ல, எஞ்சின் இழுக்கமாட்டங்கு" என்றார். "கொழாய ஒழுங்கா மாட்டத் தெரியாம எங்கள கொற சொல்லாதீரும்" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற ஜஸ்டின் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்ததும் மெர்லின் அவனுடைய நோட்டைக் கையில் தந்தாள். சோதனை நடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரே வரி: "இன்றும் உள்ளே ஈரத்துணி வைத்தேன். நாளை அவனிடம் சொல்லவேண்டும்."

அவனை அறிந்தவர்களே, அவன் நல்லவன் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். செத்தவனைத் திட்டக்கூடாதாம். வேறு யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று சுசீந்திரம் போய் மன்னிப்புக் கேட்டேன். பண்ணைக்காரர் மோர் கொடுத்தார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதமும் எழுதியாகிவிட்டது. எழுதிய இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். முதலில் அவன் பெயர், அடுத்து என் பெயர்.

நோட்டை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அவன் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதை, இன்று நான் தனியாகக் கையெழுத்துப் போட்டுச் சொல்கிறேன்.